பலகையில் இருப்பது என் பெயர்

அந்த வீடு என்னுடையது அன்று.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீடிகை போட்டு, சுற்றி வளைத்து, கடைசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டே உண்மைக்கு வந்து சேரும் ஆளாக இருக்க எனக்கு விருப்பமில்லை. அந்த வீடு என்னுடையது அன்று. என் தகப்பனாருடையதும் அன்று. எங்கள் பரம்பரையில் எவரும் அதற்குள் ஒரு நாள்கூடப் படுத்து உறங்கியதில்லை. ஆனால் அதன் முன்னால் நட்டிருக்கும் பலகையில் என் பெயர் இருக்கிறது. தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை!

நீங்கள் அதைப் பார்த்திருக்கலாம். செங்கல்பட்டைத் தாண்டி, பழைய கிராமத்து வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து திறந்த வெளியில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்களே, அந்த அருங்காட்சியகம். குயவர் வீட்டைக் கடந்து வலப்புறம் திரும்பினால் 'டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காடு' என்று ஒரு தெரு வரும். முதலில் ஒரு வணிகரின் வீடு, அடுத்து ஒரு கிடங்கின் முகப்பு, கடைசியில் மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக ஒரு குடிசை. குனிந்துதான் நுழைய வேண்டும். நடுவில் கரிய தூண் ஒன்று நிற்கும். நீங்கள் அதன் அருகே நின்று படம்கூட எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எல்லோரும் எடுக்கிறார்கள்.

பலகையைப் படித்தீர்களா? 'டச்சுக் கோட்டையில் படகோட்டிகளாகப் பணிபுரிந்த குடும்பத்தின் வழித்தோன்றலான ஆசிரியர் கோ. ஏழுமலை அவர்கள், தம் பூர்விக வீட்டை மனமுவந்து அளித்தார்.'

மனமுவந்து! யாருடைய மனம்? யாருடைய வீடு?

நான் பழவேற்காட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் குடும்பத்துக்கு நெல் விவசாயம்; ஏரிக்கரை ஓரமாகக் கொஞ்சம் தென்னை. படகுக்கும் எங்களுக்கும் எந்த உறவும் கிடையாது. இந்த வயதிலும் தோணியில் ஏறினால் எனக்குக் குமட்டும்... படகோட்டிப் பரம்பரையாம்!

ஓய்வு பெறும்வரை பள்ளியில் வரலாறு நடத்தினேன். டச்சுக் கல்லறையைப் பார்க்க வெளியூரிலிருந்து எவர் வந்தாலும், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து என்னிடம்தான் கைகாட்டி அனுப்புவார்கள். கல்லறை வாயிலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டைக் காட்டுவேன். கல்லெழுத்தைக் காட்டுவேன். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததையும் சொல்வேன். கேட்பவர்களின் கண்கள் விரிந்தால் போதும், என் நாக்கு தானாக நீளும்.

இந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா? கூடாது. பழக்கம் எங்கும் கையெழுத்துப் போடாது. போட்டது நான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் அந்த அருங்காட்சியகத்துப் பெண்மணி. கட்டடக்கலை படித்தவர். என்னை வார்த்தைக்கு வார்த்தை 'சார்' என்றார். நான் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டார். ஊரில் எவன் என் பேச்சைக் குறித்துக்கொண்டான்? மாணவர்கள்கூடக் குறித்துக்கொண்டதில்லை!

"டச்சு காலத்துத் தெரு ஒண்ணு அமைக்கிறோம் சார். வியாபாரி வீடு கிடைச்சிடுச்சு. சாதாரண ஜனங்க இருந்த வீடு ஒண்ணு வேணும். ஆனா டச்சுக்காரங்களோட ஏதாவது ஒரு தொடர்பு இருக்கணும்" என்றார்.

நான் அவரை எங்கள் தென்னந்தோப்புக்கு அழைத்துச் சென்றேன். அங்கே அங்கம்மாவின் வீடு இருந்தது.

அங்கம்மா யாரென்று சொல்ல வேண்டும். ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிப்பவள். இடுப்பளவு நீரில் மண்டியிட்டு, இறாலைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவித் துழாவி நகர்வாள். நண்டும் பிடிப்பாள். அவளும் அவள் கணவன் செஞ்சய்யாவும் எங்கள் தோப்பின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொள்ள என் தகப்பனார் இடம் கொடுத்திருந்தார். இடம் மட்டும்தான் எங்களுடையது. மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பியவர்கள் அவர்கள். ஓலை வெட்டி வந்து கூரை வேய்ந்தவர்கள் அவர்கள். அந்தத் தூணை நட்டவர்களும் அவர்களே.

தூணின் கதையை அங்கம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு புயலுக்குப் பிறகு முகத்துவாரத்து மணலில் பாதி புதைந்து கிடந்ததாம் அந்த மரம். எங்கிருந்து வந்ததென்று எவருக்கும் தெரியாது. கணவனும் மனைவியுமாக நாலு நாள் அதை நீரில் மிதக்கவிட்டும் கரையில் இழுத்தும் கொண்டுவந்து சேர்த்தார்கள். வழியெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே வந்தானாம், ராஜா வீட்டுத் தூணடி இது என்று. சில ஆண்டுகள் கழித்து, ஓலை வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்துபோனான்.

அந்தப் பெண்மணி தூணிலிருந்த ஆணித் துளைகளில் விரல் வைத்துப் பார்த்தார்.

"இது கப்பல் மரம் மாதிரி இருக்கே சார்! டச்சுக் கப்பலா?"

"ஆமா" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு 'ஆமா'. ஏன் சொன்னேன்? அவர் கண்கள் விரிந்திருந்தன... அதற்காகச் சொன்னேன்!

"வீடு யாரோடது சார்?"

"எங்களோடதுதான்."

"அப்ப உங்க முன்னோர் யாராவது கப்பல்ல..."

"கோட்டையில படகோட்டியா இருந்தாங்க" என்றேன். கேட்பதற்கு முன்பே பதில் தயாராக வந்து நின்றது. இத்தனை காலமும் அது என் வாய்க்குள்ளேயே காத்திருந்ததுபோல!

அப்போது அங்கம்மா ஊரில் இல்லை. மகள் மல்லிகாவைச் சூலூர்ப்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தாள். அவளுக்குத் தலைப்பிரசவம். பார்த்துக்கொள்ளப் போனவள் திரும்பி வர இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

காத்திருந்திருக்கலாமே என்கிறீர்களா? காத்திருந்திருக்கலாம். அவளைக் கேட்டிருக்கலாம். அவள் ஒருவேளை சம்மதித்தும் இருக்கலாம்! ஆனால் அவளைக் கேட்டால் பலகையில் அவள் பெயரல்லவா வரும்? இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆயினும் காரணம் இதுதான். வேறு காரணம் எதுவும் இல்லை. பசியால் செய்தேனா? பயத்தால் செய்தேனா? இல்லை. ஒரு பலகையில் பெயர் வர வேண்டும் என்பதற்காகச் செய்தேன்.

ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு கழிக்கும் எண் போட்டார்கள். கூரையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். சுவர் மண்ணைக்கூடச் சாக்கில் கட்டி ஏற்றினார்கள். வீட்டுக்குள் இருந்த சாமான்களை மட்டும் நானே சுமந்து வந்து எங்கள் மாட்டுக்கொட்டகையில் வைத்தேன். பானைகள், அரிவாள்மணை, இரண்டு பறிகள். ஆணியில் செஞ்சய்யாவின் சட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்து மடித்து வைத்தேன். மடித்து வைத்தேன், பாருங்கள்! அவ்வளவு நாகரிகமான திருடன் நான்.

அங்கம்மா திரும்பி வந்தபோது தோப்பின் ஓரம் மொட்டையாகக் கிடந்தது. அடுப்பு இருந்த இடத்தில் மட்டும் தரை கறுத்திருந்தது. கையில் துணி மூட்டையோடு அந்தக் கறுப்பின் அருகில் நின்றாள்.

"சார்... எங்க சார் வூடு?"

நான் யோசித்து, ஊரிலும் சொல்லி வைத்திருந்ததைச் சொன்னேன். "ஆபீஸருங்க வந்துட்டாங்க அங்கம்மா. ஏரி ஓரத்துல குடிசை இருக்கக் கூடாதுன்னு ஆர்டராம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

"அந்த மரத்தயாவது உட்டுட்டுப் போயிருக்கலாமே..."

"எல்லாத்தையும் லாரியில ஏத்திட்டாங்க. உன் சாமானை மட்டும் நான் தடுத்து வாங்கி வெச்சிருக்கேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என் காலைத் தொட்டாள்!

"நீ இருக்கங்காட்டி என் சட்டி பானையாவது மிஞ்சுச்சி சார். இல்லாட்டி அதயும் ஏரியில கடாசிட்டுப் போயிருப்பானுங்க."

எனக்கு அவள்மீது எரிச்சல் வந்தது. ஆம், அவள்மீது! ஏன் நம்புகிறாள்? எதற்காக இப்படி முழுசாக நம்பித் தொலைக்கிறாள்? ஒரு கேள்வி கேட்டிருந்தால், ஒரே ஒரு குறுக்குக் கேள்வி, நான் அன்றே உடைந்திருப்பேன்... என்றுதான் இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

அதே இடத்தில் அவளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை ஒன்று கட்டிக்கொடுத்தேன். ஊர் என்னைப் புகழ்ந்தது. சித்திரை வெயிலில் அதற்குள் நிற்க முடியாது. அவள் பகலெல்லாம் தென்னை நிழலில் பாய் விரித்துப் படுப்பாள். கேட்டால், "சோக்கா கீது சார். கரையானு வராது, ஓலை மாத்துற பேஜாரு இல்ல" என்பாள்.

அருங்காட்சியகத்தின் திறப்பு விழாவுக்கு என்னை மட்டும் அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். என் படகோட்டி முன்னோர்களைப் பற்றி மேடையில் உரையாற்றினேன். டச்சுக்காரர்களின் சரக்கை ஏரியின் ஆழமற்ற நீரில் அவர்கள் எப்படிக் கொண்டு சென்றார்கள், கப்பல் ஒன்று உடைந்தபோது அதன் மரத்தைத் துரை எப்படிப் பரிசாக அளித்தார்... நானே நம்பிவிட்டேன்! கைதட்டினார்கள். வீட்டில் மனைவியிடம் ஏதோ ஆசிரியர் பாராட்டு விழா என்று சொல்லி வைத்தேன். பொன்னாடையை அவள் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இப்படிச் சில ஆண்டுகள் ஓடின. சுகமாகவே ஓடின, அதையும் மறைக்கப் போவதில்லை.

போன ஆண்டு எங்கள் பக்கத்து மகளிர் குழுவினர் காஞ்சிபுரம் கோயில்களுக்கு ஒரு வேன் பிடித்தார்கள். குழுத் தலைவி பானு நேராக வீட்டுக்கு வந்து நின்றாள்.

"சார், நீயும் வந்துடு சார். வழியில போலீசு கீலீசு நிறுத்தினா பேசறதுக்கு ஒரு ஆளு வோணும்."

போனேன். அங்கம்மாவும் வந்தாள். கோயிலெல்லாம் பார்த்து முடித்த பிறகு ஓட்டுநர் வண்டியை வேறு சாலையில் திருப்பினான். 'பழைய வீடுங்கள்லாம் வெச்சிருக்காங்க, பாத்துட்டுப் போலாம்' என்று அவனாக முடிவு செய்துவிட்டிருந்தான். அந்த மதில் சுவர் தூரத்தில் தெரிந்ததும் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டேன்.

"வேணாம், நேரமாச்சு, நேரா வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன்.

"இன்னா சார் நீ! வாத்தியாரு நீயே மூசியம் வாணான்ற!" என்று பானு சிரித்தாள். வேன் முழுவதும் சிரித்தது.

உள்ளே போனதும் அவர்களை எதிர்த் திசையில் இழுத்தேன். நெசவாளர் வீட்டைக் காட்டினேன். அங்கிருந்த தறியைக் காட்டினேன். வாய் ஓயாமல் விளக்கினேன். பெண்கள் கால் வலிக்கிறதென்று ஐஸ் விற்பவனைத் தேடிப் போய்விட்டார்கள். நல்லது, தப்பித்தோம் என்று திரும்பிப் பார்த்தால் அங்கம்மாவைக் காணோம்!

அந்தத் தெருவின் கோடியில் நின்றுகொண்டிருந்தாள். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள், குனிந்து உள்ளே நுழைந்து, தூணைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றையும் தாண்டிவிட்டாள். அந்த வாசலில் வருகிறவர்கள் எல்லோரும் தலையை இடித்துக்கொள்வார்கள். அவள் இடித்துக்கொள்ளவில்லை.

உள்ளிருந்து சத்தம் கேட்டது. அழுகை இல்லை, சிரிப்பு!

"ஏ பானு! இங்க வாடி! இது என் வூடுடி!"

அடுத்த கணமே அவள் குரல் ஏறியது. "எவன்டா வாசல இந்தப் பக்கம் வெச்சது? வாடக்காத்து அடிச்சா மழ மொத்தமும் உள்ள வருமே! அடுப்ப இன்னாத்துக்கு இங்க கொண்டாந்து வெச்சானுங்க? கூரை பத்திக்காதா? அறிவு வாணாம்?"

காவலாளி விரைந்து வந்தார். "அம்மா, கயித்தத் தாண்டக் கூடாது. வெளிய வாங்க. எதையும் தொடாதீங்க."

"என் வூட்ட நான் தொடக் கூடாதா?"

"வர்றவங்க எல்லாரும் இதயேதான் சொல்றாங்க. எங்க வீடு மாதிரியே இருக்குதுன்னு. வாங்கம்மா வெளிய."

"மாதிரி இல்ல நைனா. என் வூடே இதான்." இரு கைகளாலும் தூணைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சார், நீ சொல்லு சார். இது என் வூடுதானே?"

காவலாளி என்னைப் பார்த்தார். அப்போதுதான் வந்து சேர்ந்த பானுவும் என்னைப் பார்த்தாள்.

ஒரு சொல் போதும். 'ஆமாம்' என்ற ஒரே சொல். முன்பொருநாள் கேட்டதுமே சொன்னேனே, அதே சொல்! அன்று அத்தனை எளிதாக வந்த சொல் இன்று எங்கே போயிற்று?

"அதே மாதிரிதான் இருக்குது அங்கம்மா" என்றேன். "வா, போகலாம்."

அதே மாதிரி! நான் செய்தவற்றிலேயே கேடுகெட்டது இதுதான். வீட்டை எடுத்தது ஆசையால். இது? அவள் தன் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கண்ணெதிரே அதை இல்லை என்கிறேன்.

அவள் என்னோடு வாதாடவில்லை. தூணில் ஒரு துளையைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குள் விரலை விட்டு, காவலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல் நுனியில் கரி. "ஊதுபத்தி சொருவுற ஓட்ட நைனா. வெள்ளிக்கெழம தவறாம சொருவுவேன்." காவலாளி அந்த விரலைப் பார்த்தார். பிறகு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

முன்பின் தெரியாத ஒரு மனிதர் நம்பினார். நான்...!

பிறகு அங்கம்மாவே எனக்கு வழி செய்துகொடுத்தாள். "புரிஞ்சிபோச்சி சார். அந்த ஆபீஸருங்க இங்க கொண்டாந்து வெச்சிக்கிறானுங்க. உனக்கு எப்டித் தெரியும், பாவம். ஒடிச்சி எரிக்காம வெச்சிக்கிறானுங்களே, அது போதும்."

வெளியே வந்ததும் பலகையைக் கண்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"இதுல இன்னா எழுதிக்கீது? படி சார்."

பானு கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தாள். காவலாளி தெருக்கோடிக்குப் போய்விட்டார். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பறைக் குரலில் படித்தேன்:

"பழவேற்காடு ஏரியில் இறால் பிடித்து வாழும் அங்கம்மா அவர்களின் வீடு இது."

அவள் வாய் பிளந்து நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எம் பேரு எது சார்? காட்டு."

நான் என் பெயரின்மேல் விரலை வைத்தேன்.

அவள் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். ஏ... ழு... ம... லை. சேற்றில் இறாலைத் தேடும் அதே விரல்கள். "இம்மாம் பெரிய எழுத்துலயா!" என்றாள். பலகையின் பக்கத்தில் நின்று, பானுவிடம் படம் எடுக்கச் சொன்னாள். ஊர் திரும்பும்வரை வேனில் அவள் பேச்சு ஓயவில்லை.

மறுநாளிலிருந்து நண்டு வர ஆரம்பித்தது! பிடித்ததில் பெரியதாக இரண்டைக் கால்களைக் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பாள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாள். "எனக்குப் படிச்சிக் காட்டினியே சார்" என்பாள். என் மனைவி மிளகு அரைத்துக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? சாப்பிட்டேன்!

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு, சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, செருப்பை மாட்டும்போது வாசலில் மல்லிகா வந்து நின்றாள். அங்கம்மாவின் மகள். சூலூர்ப்பேட்டையிலிருந்து காலைப் பேருந்தில் வந்திருந்தாள். என் வகுப்பில் படித்தவள், நன்றாகப் படித்தவள்.

கைப்பேசியை நீட்டினாள். பானு அனுப்பிய படம். அங்கம்மா சிரிக்கிறாள், பக்கத்தில் பலகை. மல்லிகா இரு விரல்களால் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இத எனக்குப் படிச்சிக் காட்டு சார்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"எங்கம்மாவுக்குப் படிச்சியாமே. எனக்கும் படி."

"மல்லிகா, நான் இப்பவே போய் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். அதுக்குத்தான் கெளம்பினேன்."

"இன்னாத்துக்கு?"

"என் தப்பு..."

"சொன்னா உன் பாரம் எறங்கிடும். அத எங்கம்மா தூக்கிகினு திரியணுமா?" அவள் குரல் உயரவேயில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "எங்க நைனா செத்ததுக்கு அப்புறம் அது இப்படிச் சிரிச்சி நான் பாத்ததில்ல. ஊரு பூரா சொல்லிகினு கீது, எம் பேரு பலகையில கீதுன்னு. இப்ப நீ போயி, இல்லம்மா, அது எம் பேருன்னு சொல்லப் போறியா?"

"அப்ப நான் என்ன பண்ணணும்னு சொல்லு."

"பலகையை மாத்து. நீ படிச்சியே, அத அங்க எழுத வெய்யி."

மிகவும் நியாயமாகத்தான் இருந்தது. அன்றே புறப்பட்டுப் போனேன். அந்தப் பெண்மணி வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார். புதிதாக ஓர் அதிகாரி. என்னை யாரென்று தெரிந்ததும் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார், காப்பி வரவழைத்தார். காப்பி ஆறும்வரை எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் ஒன்றையும் கூட்டாமல், நீட்டாமல் நான் சொன்ன ஒரே கதை அதுதான்!

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சார், இதை எழுதிக் குடுத்தீங்கன்னா, டச்சுத் தொடர்புங்கறதே இல்லாமப் போயிடும். அப்புறம் அந்தத் தெருவுல இந்த வீடு இருக்க முடியாது. பிரிச்சி எடுத்துடுவோம்."

"வேற இடத்துல வைங்களேன். ஏரியில கையால இறால் பிடிக்கிறவங்க வீடுன்னு எழுதி வைங்க. அதுதானே உண்மை!"

"சாதாக் குடிசைக்கு இங்க இடம் இல்ல சார். இடநெருக்கடி."

"அந்தத் தூண்?"

"டச்சு மரம் இல்லன்னா அது வெறும் கட்டைதானே?" என்றார், பிறகு என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். "உங்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். இருக்கறது இருக்கட்டுமே சார்."

எப்படியிருக்கிறது பாருங்கள்! நான் பொய் சொன்னபோது லாரி வந்தது, பொன்னாடை வந்தது. உண்மையைச் சொன்னால் அந்த வீடு இடிகிறது. என் பொய்தான் இப்போது அதன் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. எழுதிக் கொடுத்தால் வீடு போகும். எழுதிக் கொடுக்காவிட்டால் என் பெயர் நிற்கும். அங்கம்மாவின் பெயர் வருவதற்கு எந்தப் பக்கமும் வழி இல்லை. யாரை நொந்துகொள்வது? அந்த அதிகாரியையா? அவர் அடுப்பை இடம் மாற்றி வைத்தவர்களின் வாரிசு, அவ்வளவுதான். முடிச்சைப் போட்டவன் நான்.

மல்லிகாவிடம் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் குழந்தை ஏதோ கேட்டு அழும் சத்தம் மட்டும் வந்தது.

"அப்ப வூடு அங்கியே இருக்கட்டும்" என்றாள் கடைசியில். "எங்கம்மா இருக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்காத. அது குடுக்கிறத வாங்கிக்கோ. சிரிச்ச மொகமா வாங்கிக்கோ. அதான் உனக்கு."

மன்னிப்பதாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் அவளிடம் போய்ச் சொல்ல மாட்டீர்கள் என்ற தைரியம்! இதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது, எனக்குத் தெரியாமல் இல்லை. சொல்லிவிட்டால் நெஞ்சு இலேசாகும் என்று யார் கிளப்பிவிட்டார்கள்? இவ்வளவு எழுதிவிட்டேன். ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை.

இன்று காலையும் அங்கம்மா வந்தாள். ஏரியிலிருந்து நேராக வந்திருந்தாள்; சேலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நண்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல், தயங்கித் தயங்கி நின்றாள்.

"என்ன அங்கம்மா?"

"ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்க மாட்டியே சார்?"

"கேளு."

"அந்தப் பலகையில எம் பேரு மட்டும் கீது. எனக்கு ஒரு மாதிரியா கீது சார். அந்த மரத்த இஸ்துகினு வந்தது அவருதானே? நீ ஒரு வார்த்த அவங்ககிட்ட சொல்லி, செஞ்சய்யான்னு அவரு பேரயும் சேத்து எழுதச் சொல்லேன். எம் பேருக்குப் பக்கத்துல எடம் கீது. நான் பாத்தேன்."

"சரி" என்றேன். "சொல்றேன்."

"எப்ப சொல்லுவ சார்?"

"இந்த வாரத்துலயே."

அவள் சேலையைப் பிழிந்துகொண்டே தோப்பைப் பார்த்து நடந்தாள். நான் நண்டை உள்ளே கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை அவள் மறுபடியும் வருவாள். சொல்லியாயிற்றா என்று கேட்பாள்.